‘சைவ மை’ என்று ஒரு மை கிடையாது

போன மாதம் அக்கா மகளுக்குத் துணையாகப் பச்சை குத்தும் கடைக்குப் போயிருந்தேன். கடை என்றால் அவளுக்குக் கோபம் வரும், ஸ்டுடியோவாம். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது: ‘100% சைவ மை. கொடுமை இலவசம்.’

இரண்டாவது வரியைப் படித்துச் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. குத்துவதற்குக் காசு, கொடுமை மட்டும் இலவசம் போலிருக்கிறது. ‘க்ரூயல்டி-ஃப்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லின் வாலில் ஒட்டும் ‘ஃப்ரீ’க்கு ‘இல்லாத’ என்றும் பொருள் உண்டு என்பது மொழிபெயர்ப்புப் பொறிக்குத் தெரியாமல் போகலாம். அச்சடித்து ஒட்டியவருக்குமா? போகட்டும், அது பார்த்ததுமே பல்லிளிக்கிற தப்பு. யாரையும் ஏமாற்றாது. முதல் வரிதான் என்னை உறுத்துகிறது. ஷாம்பு, செருப்பு, கைப்பை என்று எங்கே பார்த்தாலும் இப்போது ‘வீகன்’ சைவமாகிவிட்டது. சரி மாதிரியே தெரிகிறது. சரியில்லை.

வீகன் பழைய சொல் அல்ல. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் சங்கம் தொடங்கியபோது உண்டாக்கியது. ‘வெஜிடேரியன்’ என்பதன் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டையும் ஒட்டினார்கள். பால், முட்டை, தேன், தோல், கம்பளி என விலங்கிடமிருந்து எடுக்கும் எதுவும் கூடாது என்பது அதன் பொருள். மரக்கறி உண்பவர்களோடு தங்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே பிறந்த சொல் இது. அதைக் கொண்டுவந்து மறுபடி சைவத்திலேயே கரைத்தால் என்ன மிச்சம்?

சைவம் முதலில் சமயத்தின் பெயர். அப்புறம்தான் சாப்பாட்டின் பெயரானது. இன்று ஐயங்கார் வீட்டுப் புளியோதரையும் சைவம்தான், யாரும் சண்டைக்கு வருவதில்லை. அந்தச் சைவத்தில் பால் உண்டு, தயிர் உண்டு, நெய் ரோஸ்ட் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேனும் நெய்யும் சேர்கின்றன. வீகன்காரர் அதை நாக்கில் வைக்க மாட்டார். அது சைவமில்லை என்று மலையடிவாரத்தில் நின்று சொல்லிப் பாருங்கள்.

மைக்கு வருவோம். குத்துகிற பையனிடம், “தம்பி, இந்த மைல என்ன இல்லன்னு சைவம்னு போட்டிருக்கீங்க?” என்றேன்.

“நான்வெஜ் ஐட்டம் எதுவும் இல்ல மேடம்.”

“அரக்கு?”

“அப்டின்னா?”

“ஷெல்லாக்.”

“அது பூச்சிலேர்ந்து வர்ற கோந்து மாதிரிதானே மேடம்? கறி இல்லையே.”

அவர் மேல் தப்பே இல்லை. ‘சைவம்’ என்ற சொல்லைக் கையில் கொடுத்தால் யாரும் கறியா இல்லையா என்றுதான் பிரிப்பார்கள். அரக்குப் பூச்சி மரக்கிளையில் கசியவிடும் பிசின் அது. பச்சை குத்தும் மைகள் சிலவற்றில் நிறமியைப் பிடித்து வைக்கச் சேர்ப்பார்கள். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, வீகனுக்கு அது விலக்கு. குத்தி முடித்ததும் தடவிக்கொள்ளச் சொல்லி அவர் எடுத்து வைத்த களிம்பு டப்பாவிலும் தேன்மெழுகு. அதுவும் சைவமே.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. கறுப்பு மையில் பெரும்பாலும் பெட்ரோலியப் பொருள்களை எரித்து எடுத்த கரி இருக்கும். சிலவற்றில் மாட்டெலும்பு போன்றவற்றைச் சுட்டெடுத்த எலும்புக்கரி. புட்டியில் நிறமியின் அடையாள எண் சி.ஐ. 77266 என்றால் முன்னது, 77267 என்றால் எலும்பு. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் போதும். மையில் சேர்க்கும் கிளிசரின் இன்னும் வம்பு. விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், பெயர் ஒன்றுதான். தாவரத்திலிருந்து எடுத்ததைத் தாவரக் கிளிசரின் என்று எழுதினால் தீர்ந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை ‘காய்கறிக் கிளிசரின்’ ஆக்கி வைத்திருக்கிறார்கள், ஏதோ கத்தரிக்காயைப் பிழிந்து எடுத்த மாதிரி.

‘தாவர மை’ என்று சொல்லலாமே என்றார் ஒரு நண்பர். சாப்பாட்டுக்கு அது பொருந்தும். மையில் வெள்ளை டைட்டானியம் டையாக்சைடு, பழுப்பு இரும்பு ஆக்சைடு. இதில் எந்தச் செடி இருக்கிறது? விலங்கு இல்லை என்பதாலேயே தாவரம் ஆகிவிடாது.

வீகனுக்கு ‘நனிசைவம்’ என்றும் ஒன்று இணையத்தில் உலவுகிறது. அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் காட்டும் என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் நனிசைவம் என்பது மிகுந்த சைவம். நம் ஊரில் சைவம் மிகுந்தால் என்ன ஆகும்? வெங்காயமும் பூண்டும் போய்விடும். பால் போகாது, இன்னும் கெட்டியாக வந்து உட்காரும். பழந்தமிழில் தேடி எடுத்த அடைமொழி, போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே கூட்டிப் போகிறது.

சைவம் என்ற சொல்லுக்கு இன்னொரு வாடையும் உண்டு. ‘சுத்த சைவம்’ என்று பலகையில் படித்தே வளர்ந்தவர்கள் நாம். சைவம் என்றதும் சுத்தம், உடம்புக்குக் கெடுதல் இல்லாதது என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். மை விஷயத்தில் அது ஆபத்து. நீலம் 15:3 என்ற நிறமி தாமிரக் கூட்டுப்பொருள், அதில் விலங்கின் தடயமே இல்லை. பச்சை குத்தும் மைகளில் அதைச் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல் கட்டுப்பாடு போட்டது. வீகன் என்ற அடையாளம் தோலுக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ‘சைவ மை’ என்ற பெயர் தருவது போல நடிக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். பொருளைச் சொல்லும்போது ‘விலங்குப்பொருள் கலக்காத மை’. நீளம்தான், ஆனால் அரக்கு உண்டா, எலும்பு உண்டா என்று கேட்க வழி வைக்கிற பெயர். ஆளைச் சொல்லும்போது வீகன் என்றே சொல்லலாம். சாவியும் ஜன்னலும் மேசையும் போர்ச்சுகீசியரிடம் வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், இது ஒன்று கூடினால் தமிழ் இடிந்து விழாது. தயவுசெய்து ‘வேகன்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது சரக்கு ரயில் பெட்டி.

‘கொடுமையற்ற மை’யும் வேண்டாம். யாருக்குக் கொடுமை, எந்தக் கொடுமை? ஆங்கிலத்தில் அந்தத் தொடர் சுட்டுவது விலங்குகள் மேல் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை. இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களுக்கு அது 2014இலேயே தடைசெய்யப்பட்டது. ‘விலங்கில் சோதிக்காத மை’ என்றால் குழப்பம் இல்லை. அரக்குச் சேர்த்த மையை எந்த முயலிலும் சோதிக்காமல் விற்கலாம். அரக்கே இல்லாத மையை முயலில் சோதித்தும் விற்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள், ஒரே பலகையில் ஒட்டிவிடுவதால் ஒன்றாகிவிடாது.

காத்திருந்த நேரத்தில் அக்கா மகளுக்குப் பழைய கதை சொன்னேன். குறத்தியர் விளக்குக்கரியைத் தாய்ப்பாலில் குழைத்துப் பச்சை குத்துவார்கள் என்று.

“அப்போ அது வீகனா சித்தி?”

கொடுத்தவள் மனசோடு கொடுத்த பால், யாரையும் கட்டிவைத்துக் கறக்கவில்லை. வீகன்தான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசையில் இருந்த கறுப்பு மைப் புட்டியைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். 77266.

“சரி, குத்துங்க” என்று கையை நீட்டினாள்.