ஐந்து கிலோ கறி, ஒரே பை

பக்ரீத் முடிந்த இரண்டாவது வாரம், ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக என் கிளினிக்குக்கு வந்தார்கள். "வெளியில் எதுவும் சாப்பிடவில்லை டாக்டர். வீட்டுக் குர்பானி கறிதான். ஃப்ரீசரில் கல் மாதிரி இருந்தது" என்றார் அந்த அம்மா.

துருவிக் கேட்டதும் விஷயம் வந்தது. ஐந்து கிலோவையும் ஒரே பையில் முடிந்து உள்ளே தள்ளியிருக்கிறார். சமைக்கிற நாளில் காலையிலேயே எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடுவாராம். மதியத்துக்குள் மேல்கறி இளகிவிடும், நடு இன்னும் பாறைதான். இளகியதை அறுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உள்ளே வைப்பார். இப்படி நான்கு முறை.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. வெளியே எடுத்ததும் அது விழித்துக்கொண்டு பெருகும். "குக்கரில் நன்றாக வேகவைத்தோமே" என்பார்கள். வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் கக்கிய நஞ்சு கொதித்தாலும் போகாது. தொட்டியில் வடிந்த கறித்தண்ணீர் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயத்தில் பட்டிருந்தாலும் போதும். இவர்களுக்கு எது காரணம் என்று பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது எளிது. கறி வந்த அன்றே, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, பையில் காற்றில்லாமல் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி வையுங்கள். தட்டையாக இருந்தால் நடுவரை சீக்கிரம் உறையும். கழுவ வேண்டாம், தெறிக்கிற தண்ணீர் கிருமியைச் சமையலறை முழுக்கப் பரப்பும். (இதைச் சொன்னபோது என் மாமியாரே முகம் சுளித்தார். சமைக்கும் முன் கழுவிக்கொள்ளட்டும், மெதுவாக.) மைனஸ் 18 டிகிரியில் எலும்புக்கறி ஆறு மாதம் தாராளமாகத் தாங்கும். கொத்துக்கறி, ஈரல், குடல் மூன்று மாதத்துக்குள் தீரட்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பல நேரம் அந்தக் குளிர்ச்சியை எட்டாது. அதை நம்பி மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

முதல் நாள் இரவே பையை ஒரு கிண்ணத்தில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், காலையில் பதமாக இளகியிருக்கும்.

மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஊருக்குப் போகிறவர்கள் டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். கறி எத்தனை கிலோவானாலும் குப்பைக்குத்தான்.