நான்கு முகங்களுக்கு ஒரே குரல்

இத்தாலியில் தியேட்டருக்குப் போய்ப் படம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோவின் குரல் என்றால் அது டப்பிங் கலைஞர் ஃபெர்ரூச்சோ அமெண்டோலாவின் குரல்தான். அல் பசீனோ, டஸ்டின் ஹாஃப்மன், சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஆகியோருக்கும் பல படங்களில் இவரே பேசினார். தூரின் நகரில் 1930இல் பிறந்தவர். படங்களில் அந்நிய மொழி வசனம் கேட்கவே கூடாது என்று முசோலினி அரசு தடை போட்டதும் அதே 1930இல்தான், இத்தாலியில் டப்பிங் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்தத் தடை ஒரு பெரிய காரணம்.

சரி, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் குரல் வருவதை நம் மூளை எப்படி ஒத்துக்கொள்கிறது?

கண்ணாடி முன் நின்று 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'அக்கா'. முதல் சொல்லில் உதடு ஒட்டிப் பிரிவது பளிச்சென்று தெரியும். இரண்டாவதில் வேலை முழுக்க உள்ளே, நாக்கின் பின்பக்கம் நடக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. டப்பிங் வசனம் எழுதுபவருக்கு இதுதான் அடிப்படை. ப, ம போன்ற உதடு ஒட்டும் ஒலிகள் திரையில் வாய் மூடும் இடத்தில் விழுந்தாக வேண்டும், மற்ற இடங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

கண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் உண்டா என்றால், உண்டு. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் 'க' சொல்லும் வாயின் படத்தோடு 'ப' என்ற ஒலியைச் சேர்த்துப் போட்டுக்காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது இரண்டுமில்லாத 'ட' போன்ற ஓர் ஒலி.

அதே 1976இல் வந்த 'டாக்ஸி டிரைவர்' படத்தில், டி நீரோ கண்ணாடியைப் பார்த்து 'யூ டாக்கிங் டு மீ?' என்று கேட்பார். இத்தாலிய மொழியில் அமெண்டோலா சொன்னது 'மா தீச்சி ஆ மே?'. எண்ணிப் பாருங்கள், இரண்டிலும் ஐந்தே அசை, கடைசி அசையில் இரண்டிலும் உதடு ஒட்டுகிறது. பொருளும் கெடவில்லை. எனக்கு இது ஒரு நல்ல கவிதை வரிக்குச் சமம்.

நேரக்கணக்கு இன்னும் கறார். ஒளிபரப்புத் துறையின் வழிகாட்டு அளவுப்படி, ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே நமக்கு உறுத்தத் தொடங்கும், பிந்தினால் 125 வரை தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 42 மில்லிநொடி, அதாவது ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல் முந்தினாலே ஆபத்து. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதானே சத்தம் வருகிறது, பிந்தும் ஒலிக்கு மூளை பழகியதால்தான் இந்தச் சலுகை என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் படச்சுருளைத் துண்டுகளாக வெட்டி, நுனிகளை ஒட்டி வளையமாக்கி ஓட்டினார்கள், ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும், சரியாக விழும்வரை பேச வேண்டும். இப்போது எல்லாம் கணினிதான், ஆனாலும் அந்தத் துண்டுக்கு இத்தாலியில் இன்றும் 'அனெல்லோ' என்றே பெயர், வளையம் என்று பொருள்.

1995இல் 'ஹீட்' படம் வந்தது. டி நீரோவும் பசீனோவும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். யார் பேசுகிறார் என்று காதுக்குத் தெரிய வேண்டுமே, இரண்டு பேருக்கும் ஒரே குரல் கொடுக்க முடியாது. அமெண்டோலா டி நீரோவுக்குப் பேசினார், பசீனோவுக்கு ஜான்கார்லோ ஜன்னீனி.