மசோதா நிறைவேறிவிட்டது, சட்டம் வந்துவிட்டதா?

நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியதாகச் செய்தி வந்த மறுநாளே, புதிய சட்டப்படி வழக்குப் போடலாமா என்று கேட்டு வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் முடியாது. சட்டமாகும் படிகளைப் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வோடு மறந்துபோகும். ஒரே சட்டத்தின் தேதிகளைத் தொடர்ந்து பார்த்தால் மறக்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவை எடுத்துக்கொள்வோம்.

2023 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் அறிமுகமானது. இதுதான் முதல் வாசிப்பு. இங்கே விரிவான விவாதம் கிடையாது. அடுத்து, மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான உள்துறை நிலைக்குழுவுக்குப் போனது. குழு அறிக்கைக்குப் பின் அரசு அந்த மசோதாவைத் திரும்பப் பெற்று, டிசம்பரில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது.

இரண்டாம் வாசிப்புதான் உயிரான கட்டம். முதலில் மசோதாவின் நோக்கம் பற்றிய பொது விவாதம், பிறகு பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றாலும் திருத்தம் இங்கேதான் வர வேண்டும். மூன்றாம் வாசிப்பில் மொத்தமாக ஏற்பதா, தள்ளுவதா என்பது மட்டுமே மிச்சம். சங்கங்கள் பலவும் அதற்குப் பிறகு மனுவோடு கிளம்புவது வருத்தமான விஷயம். குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. இரண்டாவது அவையிலும் இதே வாசிப்புகள்தான். வரி, அரசுச் செலவு போன்றவை மட்டும் பற்றிய பண மசோதாவானால் மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரை மட்டுமே சொல்லலாம். டிசம்பர் 25 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதோடு அது சட்டம். ஆனால் அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1 அன்றுதான். அப்போதும் விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பி ஓடுவது பற்றிய பிரிவு 106(2) மட்டும் அமலாக்க அறிவிப்பில் விலக்கி வைக்கப்பட்டது. லாரி ஓட்டுநர்கள் போராடியது அந்தப் பிரிவை எதிர்த்துத்தான்.

ஜூன் 30 இரவு நடந்த குற்றத்துக்கு ஜூலையில் முதல் தகவல் அறிக்கை பதிவானாலும், பொருந்துவது பழைய இந்திய தண்டனைச் சட்டமே. இதைக் கவனிக்காமல் தவறான பிரிவில் வழக்கு பதிவானால் வீண் அலைச்சல்தான்.

தமிழ்நாட்டில் 1986-இல் மேலவை ஒழிக்கப்பட்டதால் பேரவை ஒன்றுதான். அதன் பிறகு ஆளுநர். மத்திய அரசு, மாநிலம் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொருள்களின் பட்டியல் பொதுப்பட்டியல். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் பொதுப்பட்டியல் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தேவை. 2017 ஜல்லிக்கட்டுத் திருத்தம் அவரிடம் போனது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குறுக்கே நின்றதால்தான்.

மத்தியச் சட்டம் ஒன்றை நம்பி இறங்குமுன் அரசிதழ்ப் பிரதியைப் பாருங்கள். தலைப்பின் கீழே அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒப்புதல் தேதி. பிரிவு 1-இல் "மத்திய அரசு அறிவிக்கும் நாளில்" என்று இருந்தால், அமலாக்க அறிவிப்பைத் தனியே தேடி எடுக்க வேண்டும். எந்தெந்தப் பிரிவுகள் அதில் விடுபட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நாள் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் ஒப்புதல் தேதியே அமல் தேதி.