பின்னேரத்தில் மட்டும் நெளியும் கோடு

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1970களில் செய்த ஒஸிலோஸ்கோப், அதாவது மின்னலைகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. காலையில் போட்டால் பச்சைக் கோடு நேராக நிற்கிறது. பின்னேர வகுப்பில் போட்டால் அலை அலையாக நெளிகிறது. மறுநாள் காலை பழையபடி சரி. "கண்ணூறு, தேசிக்காய் வெட்டிப் போடுங்கோ" என்று ஒருவர் சொன்னாராம்.

நேரம் பார்த்து வரும் பழுதுக்கு அளந்து கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருக்கும். இதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

கருவிக்குள் மின்சாரம் போகும் வழியின் அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுவரில் வரும், திசை மாறி மாறி ஓடும் 230 வோல்ற் ஆடலோட்டத்தை டிரான்ஸ்போமர் குறைக்கிறது, நான்கு டயோட்கள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன, மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கபாசிட்டர் வோல்ற்றின் மேடுபள்ளத்தைக் குறைக்கிறது. கடைசியில் ரெகுலேற்றர், மிஞ்சும் வோல்ற்றைத் தன்மேல் தாங்கி வெப்பமாக்கிவிட்டு, தேவையான அளவை மட்டும் வெளியே விடுகிறது. 1990களில் பொருளாதாரத் தடையும் இருட்டுமாகக் கிடந்த வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இதன் முதற்பாதி கைப்பழக்கம். டைனமோ தருவதும் ஆடலோட்டம்தான். டயோட்டும் கபாசிட்டரும் போடாமல் வானொலி ஒழுங்காகப் பாடாது.

இனி அந்தக் கபாசிட்டரோடு கொஞ்சம் நிற்போம். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டயோட்களைத் தாண்டியதும் அது நொடிக்கு 100 மேடுகளாகிறது. ஒரு மேட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே 10 மில்லிசெக்கன். மேட்டின் உச்சியில் மட்டும் டயோட்கள் திறந்து கபாசிட்டரை நிரப்பும். மற்ற நேரமெல்லாம் முழு ஒஸிலோஸ்கோப்பும் கபாசிட்டரில் சேர்ந்ததைத்தான் தின்கிறது. அதனால் அதன் வோல்ற்று சரிந்து ஒரு பள்ளத்தைத் தொட்டு, மீண்டும் ஏறுகிறது.

பள்ளத்தின் ஆழத்தைக் கணக்குப் பார்க்கலாம்: மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். 1 அம்பியர், 10 மில்லிசெக்கன், 4,700 மைக்ரோபரட் என்று எடுத்தால் ஏறத்தாழ 2 வோல்ற். உச்சி 24 வோல்ற் என்றால் பள்ளம் 22. வெளியே 15 வோல்ற் வேண்டும், ரெகுலேற்றர் வேலை செய்ய அதற்கு மேல் இன்னும் 3 வோல்ற் வேண்டும் என்று வைப்போம். ஆக 18க்குக் கீழே போகாதவரை வெளியே ஒரு சலனமும் தெரியாது.

வருடங்கள் போக, கபாசிட்டர் 2,000 மைக்ரோபரட்டுக்குத் தேய்கிறது. பள்ளம் 5 வோல்ற் ஆழமாகிறது. 24இல் 5 போக 19. இன்னமும் 18க்கு மேலேதான், கோடு நேராகத்தான் நிற்கும்! ரெகுலேற்றர் அவ்வளவு விசுவாசமாக அந்தத் தேய்மானத்தை மறைத்து வைத்திருக்கிறது. பின்னேரம் ஊரெல்லாம் விளக்கும் மின்விசிறியும் போடுகிறார்கள். நீண்ட கம்பியின் கடைசியில் 230 வோல்ற் 210 ஆகிறது. உச்சி 22க்கு இறங்க, பள்ளம் 17. ரெகுலேற்றருக்கு 1 வோல்ற் போதவில்லை. நொடிக்கு 100 தடவை 15 வோல்ற் 14ஐத் தொட்டு வருகிறது. திரையில் நெளிவது அதுதான்.

கபாசிட்டர் ஏன் தேய்கிறது? உள்ளே அலுமினியத் தகடும், மின்பகுபொருள் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஈரம் இறப்பர் அடைப்பு வழியே மெல்ல வெளியேறுகிறது. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கணக்கு. வன்னியின் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஏற்கெனவே சூடாகும் பெட்டிக்குள் அது 50 வருடம் இருந்ததே பெரிய காரியம்.

உறுதிப்படுத்த அந்த ஒஸிலோஸ்கோப்பே போதும். கோடு எப்போது வரையத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டிரிகரை, சுவர் மின்சாரத்தோடு ஒத்துப்போகும் 'லைன்' நிலைக்குத் திருப்புங்கள், நெளிவு அசையாமல் நிற்கும். நேரத்தை ஒரு கட்டத்துக்கு 5 மில்லிசெக்கன் வையுங்கள். பத்துக் கட்டத்தில் ஐந்து மேடு தெரிந்தால் 100 ஹேர்ட்ஸ், கபாசிட்டர் பக்கம் போங்கள். இரண்டரை மேடு என்றால் 50 ஹேர்ட்ஸ், ஒரு டயோட் அறுந்திருக்கலாம்.

மூடியைக் கழற்றுவதானால் கவனம். படக்குழாய்ப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ற் இருக்கும், அங்கே கையே வேண்டாம். பெரிய கபாசிட்டரையும் செருகியைக் கழற்றிய பிறகு ஒரு மின்தடையால் வெறுமையாக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

கருவிக்கு மாணவர் முன்னால் கண்ணூறு கழிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அளந்து பார்ப்போம் என்ற எண்ணம் அங்கேயே நின்றுபோகும். அதே அளவு கவலை எனக்கு இன்னொன்றிலும் உண்டு. புதுக் கருவி வாங்கக் காசு ஒதுக்குவோர், பழையதைத் திருத்த ஒரு கபாசிட்டருக்கும் ஒரு பற்றாசுக் கோலுக்கும் ஒதுக்குவதில்லை. இந்தப் பழுதைத் தேடிப் பிடிக்கும் பிள்ளை ஒரு தவணைப் பாடத்தை ஒரே பின்னேரத்தில் கற்றுவிடும்.

கபாசிட்டரை மாற்றும்போது 105 பாகை வெப்பத்துக்கு உரியதை, வோல்ற்று அளவு பழையதற்குக் குறையாமல் வாங்குங்கள். நேர், மறை முனை மாறக்கூடாது. போட்ட பிறகு காலையில் பார்த்துவிட்டுச் சரி என்று விடவேண்டாம், பின்னேரம் வோல்ற்று குறைந்த நேரத்தில் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.