கல்லட்டித் தடை செயலிக்கு எப்படித் தெரியும்?

ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையில் மறுபடியும் ஒரு வெளியூர்க் கார் பிரேக் பிடிக்காமல் மண்மேட்டில் ஏறி நின்றிருக்கிறது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டியவர் சொன்னது வழக்கமான பதில்தான்: "மேப் இப்படித்தான் காட்டுச்சு."

தலைக்குந்தாவிலிருந்து மசினகுடி போகும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் ஊட்டிக்கு ஏறி வரலாம், மசினகுடிக்கு இறங்கக் கூடாது. ஊட்டிக்காரர்களுக்கு இது தெரியும், மேப்புக்குத் தெரியாது.

போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். அதனால் உடனே கேட்பார்கள்: "நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு, கம்ப்யூட்டர் வெச்சு டிராஃபிக்கைக் கவனிக்கிறதுன்னு பேசுறீங்களே, அங்க நாலு கேமரா வெச்சா என்ன?" வைக்கலாம், வண்டி உருளுவதை அழகாகப் படம் பிடிக்கும். கேமராவும் மின்பலகையும் டெண்டர் விட்டால் வந்துவிடும் சாமான்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரு கட்டமைப்பு வேண்டும் என்று நாங்கள் கத்துவது வேறு விஷயத்துக்கு: எந்தத் துறையிடம் என்ன தகவல் இருக்கிறது, அதை யாருக்கு, எந்த வடிவத்தில், எத்தனை நிமிடத்துக்குள் தர வேண்டும் என்பதை முதலில் எழுதி ஒப்புக்கொள்வது. அதைச் செய்யாமல் சாமான் வாங்கினால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும்.

இங்கேயே பாருங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வது போலீஸ். மண் சரிந்தால் அள்ளுவது நெடுஞ்சாலைத் துறை. முதுமலையைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை. இதில் பாதி வாட்ஸப்பில் ஒரு படமாகத்தான் வருகிறது. படத்தில் எழுதியிருக்கும் தடையைச் செயலி எப்படிப் பாதையாக மாற்றும்? அதைத் திட்டிப் புண்ணியமில்லை.

இத்தனைக்கும் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் 2024 மே 7 முதல் இருக்கிறது. வருகிறவரின் கைபேசி எண் கையில் இருக்கிறது. மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டுவதற்குள், அதாவது சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்போதே, "கல்லட்டி வழியாக இறங்காதீர்கள்" என்று தமிழ், கன்னடம், மலையாளத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாமே?

சரி, அது நடக்கும்போது நடக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: மேப் என்ன சொன்னாலும் சோதனைச்சாவடியில் சொல்வதைக் கேளுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடவே போடாதீர்கள், பெட்ரோல் மிச்சம் என்று எந்த மச்சான் சொன்னாலும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மலையில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால், தயவுசெய்து, உள்ளூர் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.