ஒரு படத்தின் மேல் தீட்டப்படும் இன்னொரு படம்

சன்னலோரம் அமர்ந்திருக்கும் பாட்டி ஒருவரைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே நல்ல வெயில். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் பாட்டியின் முகம் இருண்டுவிடுகிறது. படம் முழுவதற்கும் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவைக் கூட்டினால் முகம் தெளியும். ஆனால் சன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரம் வெளுத்துப்போய்விடும். முகத்தை மட்டும் வெளிச்சமாக்குவதற்காகவே லைட்ரூம், ஃபோட்டோஷாப், டார்க்டேபிள், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருள்களில் தூரிகையால் மாஸ்க் தீட்டும் வசதி இருக்கிறது. முகத்தை வெட்டியெடுத்துத் தனியே திருத்தும் வேலை என்று பலர் இதைக் கருதுகிறார்கள். அங்கே எதுவும் வெட்டப்படுவதில்லை. அந்த எண்ணத்தோடு தூரிகையை எடுப்பதால்தான் எத்தனையோ படங்களில் முகம், ஒட்டவைத்ததைப் போலப் பின்னணியிலிருந்து விலகி நிற்கிறது.

மாஸ்க் என்பது மூலப் படத்தின் அகலமும் உயரமும் கொண்ட இன்னொரு படம். அதில் நிறம் கிடையாது; ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் மட்டுமே உண்டு. 0 கறுப்பாகவும் 1 வெள்ளையாகவும் இடைப்பட்டவை சாம்பல் நிறமாகவும் காட்டப்படும். மென்பொருள் ஒவ்வொரு பிக்சலிலும் திருத்திய மதிப்பை மாஸ்க் எண்ணால் பெருக்குகிறது. மூல மதிப்பை, 1-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வரும் மிச்சத்தால் பெருக்குகிறது. இரண்டையும் கூட்டிக் கிடைப்பதையே நாம் திரையில் பார்க்கிறோம். ஒரு பிக்சலின் மூல மதிப்பு 80, திருத்திய மதிப்பு 160, மாஸ்க் எண் 0.25 என்றால், 40-உம் 60-உம் சேர்ந்து 100 வரும். ஆகவே மாஸ்க் சொல்வது 'இங்கே உண்டு, அங்கே இல்லை' என்பதை அல்ல, 'இங்கே இவ்வளவு' என்பதை.

இப்படி ஒவ்வொரு பிக்சலோடும் ஒரு விகித எண்ணைச் சேர்த்து வைக்கும் எண்ணம் 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்களிடம் உருவானது. அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். படங்களை அதன் துணையோடு எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பது என்ற கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள்.

படத்தின் ஓர் இடத்தை மட்டும் திருத்தும் வேலையோ அதைவிடப் பழையது. இருட்டறையில் பிரிண்ட் போட்டவர்கள், பெரிதாக்கும் கருவியின் ஒளிக்கும் காகிதத்துக்கும் இடையே கம்பியில் ஒட்டிய சிறு அட்டையைப் பிடித்து ஓர் இடத்துக்கு ஒளியைக் குறைப்பார்கள். ஒளி பட்டால் கறுக்கும் காகிதம் அது என்பதால் அவ்விடம் வெளிறி வரும். இது டாட்ஜிங். துளையிட்ட அட்டை வழியே ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்கவைப்பது பர்னிங். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுதயப் படத்தின் வானம், பிற்காலப் பிரிண்ட்களில் அத்தனை கருமையாக இருப்பதற்கு பர்னிங் ஒரு முக்கியக் காரணம். இருட்டறைக்காரர்கள் அட்டையை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். அசைவு நின்றால் அட்டையின் வடிவம் காகிதத்தில் கோடாக விழுந்துவிடும்.

அந்தக் கையசைவைத்தான் மென்பொருளின் தூரிகை கணக்காக மாற்றிக்கொண்டிருக்கிறது. நாம் இழுக்கும் கோடு, நெருக்கமாகப் பதிக்கப்படும் வட்ட முத்திரைகளின் வரிசை. ஒவ்வொரு வட்டமும் நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் படிப்படியாகத் தேய்ந்தும் இருக்கும். எவ்வளவு மெதுவாகத் தேயவேண்டும் என்பதை ஃபெதர் அல்லது ஹார்ட்னஸ் என்ற ஸ்லைடர் முடிவுசெய்கிறது. ஒவ்வொரு முறை தடவும்போதும் எவ்வளவு படியவேண்டும் என்பது ஃப்ளோ. ஃப்ளோ 10% என்றால், இன்னும் எஞ்சியிருப்பதில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு தடவலிலும் நிரம்புவதாகக் கொள்ளலாம்: ஐந்து முறை தடவினால் ஏறக்குறைய 41%, பத்து முறை தடவினால் 65%. என் கருத்தில் தூரிகையை ஆள்வதற்கான திறவுகோல் இதுவே. ஃப்ளோவை 100%-இல் வைத்து ஒரே இழுப்பில் தீட்டுபவருக்கு முகம் முழுதும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும்; குறைந்த ஃப்ளோவில் நெற்றியை இருமுறையும் கண்குழியை ஐந்து முறையும் தடவுபவர், ஒளி எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கிறார்.

தீட்டிய பகுதியைப் பல மென்பொருள்கள் சிவப்பு மூட்டமாகக் காட்டுவதற்கு அச்சுத்தொழில் காரணம். அங்கே முன்பு மறைக்க வேண்டிய பகுதியின் மேல் ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தை வெட்டி ஒட்டுவார்கள். அச்சுக்கான ஃபிலிமுக்குச் சிவப்பொளி தெரியாது; ஆகவே கண்ணுக்கு ஊடுருவித் தெரியும் அந்தப் படலம், ஃபிலிமுக்கு முழுக் கறுப்பு.

உண்மையான சிக்கல் விளிம்பில்தான் இருக்கிறது. ஓரம் மென்மையான தூரிகை பாட்டியின் கன்னத்தைத் தாண்டிச் சன்னலுக்குள் கசிந்தால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். கடினமான தூரிகையை எடுத்தால் வெட்டு விளிம்பு தெரியும். நரைமுடி இழைகளையோ எந்தத் தூரிகையாலும் பின்தொடர முடியாது. இதற்கான அழகான தீர்வுகளில் ஒன்று, கைமிங் ஹி, ஜியான் சன், சியாவ்ஊ டாங் ஆகிய மூவரும் 2010-இல் வெளியிட்ட கைடட் ஃபில்டர். ஒவ்வொரு சிறு சதுரத்துக்குள்ளும் மாஸ்க்கின் மதிப்பு, மூலப் படத்தின் ஒளிர்வை ஓர் எண்ணால் பெருக்கி இன்னோர் எண்ணைக் கூட்டினால் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஒளிர்வு ஏறத்தாழ ஒரேபடியாக உள்ள கன்னத்தில் மாஸ்க் சராசரியாகி மிருதுவாகும். கன்னமும் சன்னலும் சந்திக்கும் இடத்தில் ஒளிர்வு சட்டென்று மாறுவதால் மாஸ்க்கும் அங்கேயே சட்டென்று மாறும். தோராயமாகத் தீட்டிய மாஸ்க், விளிம்பைப் படத்திடமிருந்தே கற்றுக்கொள்கிறது. டார்க்டேபிள் தன் மாஸ்க்குகளைச் செம்மைப்படுத்த இதைப் பயன்படுத்துகிறது.

மாஸ்க்குகள் எண்களாக இருப்பதால் அவற்றை ஒன்றோடொன்று பெருக்கவும் முடியும். இருண்ட பிக்சல்களில் மட்டும் 1-ஐ நெருங்கும் ஒரு மாஸ்க்கை, தூரிகையால் தீட்டிய மாஸ்க்கோடு பெருக்கினால், தீட்டிய பகுதிக்குள் இருண்டவை மட்டுமே திருத்தம் பெறும். இருண்ட முகத்துக்கும் வெளிச்சமான சன்னலுக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்பையும் வெள்ளையையும் 0.5 என்ற மாஸ்க் எண்ணோடு கலந்தால் என்ன வரும்? கோப்பில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று பதிந்துள்ள மதிப்புகளை நேரடியாகக் கலந்தால் ஏறத்தாழ 128 வரும். ஆனால் திரைகளுக்கும் இணையப் படங்களுக்கும் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்ற நிறமுறையில் அது வெள்ளையின் ஒளியில் சுமார் 22% மட்டுமே. மதிப்புகளை முதலில் உண்மையான ஒளியளவாக மாற்றிக் கலந்தால் 50% ஒளி, அதாவது 188 கிடைக்கும். ஒரே மாஸ்க் ஒரு மென்பொருளில் இயல்பாகவும் இன்னொன்றில் அழுக்கான விளிம்போடும் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2.4 கோடி பிக்சல் கொண்ட படத்துக்கு, பிக்சலுக்கு 8 பிட், அதாவது ஒரு பைட் வீதம், சுருக்கப்படாத மாஸ்க் 24 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆனால் லைட்ரூமும் டார்க்டேபிளும் தூரிகை மாஸ்க்கைப் பிக்சல்களாகச் சேமிப்பதில்லை. தூரிகை சென்ற பாதையின் புள்ளிகள், அதன் அகலம், ஓரத்தின் மென்மை ஆகியவற்றை மட்டும் எழுதிவைத்து, படத்தைத் திறக்கும்போது மாஸ்க்கைப் புதிதாகத் தீட்டிக்கொள்கின்றன. ஆகவே ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் பாட்டியின் முகத்தில் தீட்டியதைக் கலைத்துவிட்டு மறுபடி தீட்டலாம். கேமரா பதிந்த மூலக் கோப்பில் ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது.