முட்டை கிளம்பும் முன்: அவசரக் கருத்தடை மாத்திரையும் மாறிப்போகும் தேதியும்

"அவசரக் கருத்தடை மாத்திரை போட்ட ஆறாம் நாள் லேசாக ரத்தம் பட்டது. மாதவிடாய் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது வழக்கமான தேதி தாண்டி நான்கு நாளாகிறது, வரவில்லை. இதே மாத்திரை போட்ட என் தோழிக்கோ ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

எப்படி என்றால், அந்த மாத்திரை முக்கியமாகக் குறிவைப்பது மாதவிடாயை அல்ல. அது தொடுவது கருமுட்டை வெளியேறும் நேரத்தை. தேதி மாறுவது அதன் பின்விளைவு.

பள்ளியில் படித்ததை வேகமாக நினைவுபடுத்திக்கொள்வோம். சினைப்பையில் ஒரு நுண்ணறை வளர்கிறது, அதற்குள் முட்டை. நுண்ணறை வெடித்து முட்டை வெளியே வருகிறது. காலியான நுண்ணறை, கர்ப்பப்பையின் உள்வரியைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அது அடங்கிவிடும். கர்ப்பப்பையின் உள்வரி உதிரும். அதுதான் மாதவிடாய்.

சரி, நுண்ணறை எப்போது வெடிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஸ்கேன் திரையில் நுண்ணறை ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும். உள்ளே இருப்பது திரவம், அதனால் கறுப்பு. நாளுக்கு நாள் அது பெரிதாகி 20 மில்லிமீட்டரை ஒட்டி வரும்போது வெடிக்கத் தயாராகிறது. வளரும் நாள் முழுக்க அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் மூளைக்குப் போய், "போதும், இன்னும் ஹார்மோன் அனுப்பாதே" என்று அடக்கி வைக்கிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவைத் தாண்டி, ஏறத்தாழ இரண்டு நாள் அங்கேயே நின்றால், எல்லாம் தலைகீழாகிறது. அடக்கிக்கொண்டிருந்த அதே ஹார்மோன் இப்போது மூளையை உசுப்புகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் வெள்ளமாகப் பாய்கிறது. வெள்ளம் தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே.

ஒரே பொருள் எப்படி இரண்டு எதிர் வேலை செய்யும்? எலிகளின் மூளையில் இதற்கு அழகான விடை கிடைத்தது. கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே இரண்டு கூட்டமாக இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஒரு கூட்டத்தை வாயடைக்கிறது, இன்னொன்றைத் தட்டி எழுப்புகிறது. கிஸ்பெப்டினை உருவாக்கும் மரபணுவை 1996இல் கண்டுபிடித்தவர்கள் தேடியது மாதவிடாயை அல்ல, புற்றுநோய் பரவுவதைத் தடுப்பது எது என்பதை. பருவமடைதலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2003இல்தான் தெரிந்தது. மனித குலத்தில் பாதிப் பேரின் உடலில் மாதாமாதம் நடக்கும் ஒன்றின் திறவுகோல், வேறு எதையோ தேடும்போதுதான் கைக்கு வந்தது. பெண் உடலை நேரடியாக ஆராய இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அதில் பொதுவாக இருப்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். இது புரோஜெஸ்டிரோனைப் போல நடிக்கும் மருந்து. இயற்கையில் புரோஜெஸ்டிரோன் ஏறுவது முட்டை வெளியேறிய பிறகு. "ஒன்று போயாயிற்று, இன்னொன்று வேண்டாம்" என்பதே மூளைக்கு அது தரும் சேதி. மாத்திரை அந்தச் சேதியைச் சில நாள் முன்னதாகவே கொண்டு போய்ச் சேர்க்கிறது. மூளை நம்பிவிடுகிறது. வெள்ளம் கிளம்புவதில்லை. விந்தணு அதிகபட்சம் ஐந்து நாள் உயிரோடு இருக்கும். அதுவரை முட்டை வராவிட்டால் போதும்.

ஆனால் வெள்ளம் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரலால் அதை நிறுத்த முடியாது. உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று சொல்வது அதனால்தான். யூலிபிரிஸ்டல் என்ற இன்னொரு மருந்து, வெள்ளம் ஏறத் தொடங்கிய பிறகும், உச்சம் தொடும் முன் தடுத்துவிடும். அதை 120 மணி நேரம் வரை போடலாம்.

இனி தேதியைப் பார்க்கலாம். மாதவிடாய்ச் சுழற்சியின் முன்பகுதியில் லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவருக்கு, வளர்ந்துகொண்டிருந்த நுண்ணறை வெடிக்காமலே சுருங்கிப் போகலாம். மருந்தும் வடிந்துவிட, உள்வரிக்குத் தாங்கல் இல்லை. மாதவிடாய் முந்திக்கொள்ளும். தோழிக்கு இப்படி நடந்திருக்கலாம். வேறு சிலருக்கு நுண்ணறை காத்திருந்து, சில நாள் கழித்து வெடிக்கிறது. அங்கிருந்துதான் 14 நாள் கணக்கு தொடங்கும், மாதவிடாய் தள்ளிப்போகும். முட்டை வெளியேறிய பிறகு மாத்திரை போட்டிருந்தால் தேதி பெரிதாக மாறாது. மருந்து வடியும்போது நடுவில் லேசாக ரத்தம் படுவதும் உண்டு. வாசகி ஆறாம் நாள் பார்த்த லேசான ரத்தம் அதுவாக இருக்கலாம். அதை மாதவிடாய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, இன்னும் வரலாம். ஆகவே மாத்திரைக்குப் பின் அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால் கரு தங்க வாய்ப்பு உண்டு. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். "கர்ப்பப்பை கெட்டுவிடும், பிறகு குழந்தையே பிறக்காது" என்ற பயமுறுத்தலோ தாராளமாகக் கிடைக்கிறது. அது பொய். மருந்து சில நாளில் உடலை விட்டுப் போய்விடும். இது கருக்கலைப்பு மாத்திரையும் அல்ல, தங்கிவிட்ட கருவை இதனால் எதுவும் செய்ய முடியாது. கரு பதிவதைத் தடுக்கலாம் என்று உறையில் இருந்த வாசகத்தை, ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2022 டிசம்பரில் நீக்கியது.

வாசகிக்கு: பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான தேதிக்கு ஒரு வாரம் முன்பின்னாக வந்துவிடும். ஏழு நாள் தாண்டியும் வரவில்லை என்றால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். தேதி ஒழுங்காக இல்லாதவர்கள் உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் செய்யலாம். அடிவயிற்றில் கடும் வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.